பழைய கணினியும் விளையாட்டுப் பெட்டியும்

1990ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கணினி வைத்திருந்த வீடுகள் பலவற்றில் ஒரே விதமான காட்சி அடிக்கடி நிகழ்ந்தது. கடையிலிருந்து ஒரு பெட்டி வரும். அதன் மேலே வண்ணப் படம். உள்ளே ஒரு கையேடும் நெகிழ்வட்டுக்கள் ஐந்தாறும் இருக்கும். வீட்டுத் தலைவர் கணக்கு எழுதுவதற்கென வாங்கிவைத்த கணினியின் முன்னே பிள்ளைகள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு அமர்வர். வட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்படும். அரைமணி நேரங் கழிந்தபின், விளையாட்டின் பெயரை விசைப்பலகையில் எழுதி, ஆவலோடு விசையை அழுத்துவர். திரையிலே படம் தோன்றாது. ‘நினைவகம் போதாது’ என்னும் பொருள்பட ஒரு வரி மட்டுமே தோன்றும்.

இதில் வியப்பு யாதெனில், நினைவகம் உண்மையிலே போதுமானதாக இருந்தமையே. அக்காலத்து வீட்டுக் கணினி ஒன்றில் 4 மெகாபைற்று, அதாவது 4,096 கிலோபைற்று நினைவகம் இருக்கும். விளையாட்டு வேண்டி நின்றதோ 600 கிலோபைற்றுக்கும் உட்பட்ட இடம். நாலாயிரம் மூடை கொள்ளும் களஞ்சியத்தை வைத்துக்கொண்டு, அறுநூறு மூடைக்கு இடமில்லை என்று ஒருவன் கைவிரிப்பதை ஒத்தது அவ்விடை. கணினி பழுதென்று சிலர் எண்ணினர். விளையாட்டு பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டு சென்றோரும் உளர். உண்மையில் இரண்டும் பழுதல்ல. பத்தாண்டுகளுக்கு முன்னர்ச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடே இடையில் நின்று தடுத்தது. அவ்வேற்பாட்டை விளங்கிக்கொண்டவர் விளையாட்டை ஓடவைத்தனர். விளங்கிக்கொள்ளாதவர் இரவெல்லாம் விழித்திருந்தும் பயன் காணவில்லை.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் தேதி ஐ.பீ.எம். நிறுவனம் தனது தனியாட் கணினியை வெளியிட்டது. அதன் உள்ளே இருந்த செயலி, இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்பது. நினைவகத்தில் எந்த இடத்தைத் தொடவேண்டும் என்பதைக் குறிப்பதற்கு அச்செயலியிடம் 20 கம்பிகளே இருந்தன. இருபது கம்பிகளால் 10,48,576 இடங்களைச் சுட்டலாம். அதற்கு மேல் ஓரிடத்தையேனும் சுட்ட இயலாது. ஆகவே ஒரு மெகாபைற்று என்பதே அக்கணினியின் முழு உலகம்.

இதனை நாற்சார் வீடொன்றுக்கு ஒப்பிடலாம். அவ்வீட்டில் 16 அறைகள். ஒவ்வோர் அறையும் 64 கிலோபைற்று. கணினியை அமைத்தோர் கீழுள்ள 10 அறைகளைச் செய்நிரல்களுக்கு ஒதுக்கினர். அதுவே 640 கிலோபைற்று. எஞ்சிய 6 அறைகளைத் திரைப்படத்துக்கும், கணினியின் அடிப்படை நிரல்களுக்கும், பின்னர் வரக்கூடிய இணைப்பு அட்டைகளுக்குமென நிறுத்திவைத்தனர். அன்று விலை குறைந்த அமைப்பில் விற்கப்பட்ட கணினியில் 16 கிலோபைற்று நினைவகமே இருந்தது. அதனோடு நோக்குமிடத்து, 640 என்பது நாற்பது மடங்கு. அதனை ஒதுக்கினோர் கஞ்சத்தனம் செய்தனர் என்று எவரும் அன்று கூறியிருக்க முடியாது.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் குடும்பம் பெருகியது. 1984இல் வந்த கணினி 16 மெகாபைற்றைத் தொடவல்ல 80286 செயலியைக் கொண்டிருந்தது. 1985இல் இன்ரெல் வெளியிட்ட 80386 அதனிலும் பன்மடங்கு வலியது. எனினும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸ் என்னும் இயக்க முறைமையும், அதற்கென எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான செய்நிரல்களும் பழைய 10 அறைகளை நம்பியே வாழ்ந்தன. அவற்றை ஒரே நாளிற் கைவிட எவருந் துணியவில்லை. ஆதலின் வளவு பெரிதாகியும் வீட்டின் வாசல் பழைய இடத்திலேயே நின்றது.

இனி, அப்பத்து அறைகளும் விளையாட்டுக்கு முழுமையாகக் கிடைத்தனவா என்றால், அதுவும் இல்லை. டொஸ் முறைமை தனக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுட்டியின் அசைவைக் கணினிக்கு எடுத்துரைக்கும் இயக்கி ஓரிடம் பிடிக்கும். இறுவட்டைப் படிக்கும் இயக்கி வேறோரிடம். ஒலி அட்டைக்குரியது இன்னோரிடம். இவ்வியக்கிகள் கணினி தொடங்கும்போதே வந்து அமர்ந்து, அதனை நிறுத்தும்வரை எழுந்து செல்லா. இறுதியில் விளையாட்டுக்கு எஞ்சுவது 500 கிலோபைற்றாகவும் இருக்கலாம். 550 ஆகவும் இருக்கலாம். விளையாட்டு 580 கேட்டால், இடமில்லை என்னும் வரி திரையில் தோன்றிவிடும்.

வாசலை மாற்றாது வளவைப் பயன்படுத்த அறிஞர் இரு வழிகளை வகுத்தனர். முதலாவது வழியை லோட்டஸ், இன்ரெல், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1985இற் சேர்ந்து அமைத்தன. மேலுள்ள 6 அறைகளில் ஒன்றை வெறுமையாக்கி, அதில் நான்கு சன்னல்களை வைத்து, வெளியேயுள்ள களஞ்சியத்தின் ஒரு பகுதியை வேண்டியபோது அச்சன்னல்களின் ஊடே காட்டுவது அவ்வழி. அதனைச் சுருக்கமாக ஈ.எம்.எஸ். என்பர். இரண்டாவது வழி, ஒரு மெகாபைற்றுக்கு அப்பாலுள்ள நிலத்தை ஒரு காவலாளனின் பொறுப்பில் விட்டு, கேட்போருக்குக் கேட்டபடி அளந்து கொடுப்பது. இது எக்ஸ்.எம்.எஸ். எனப்படும். ஹைமெம் என்னும் கோப்பே அக்காவலாளன்.

வந்த சிக்கல் யாதெனில், எல்லா விளையாட்டுக்களும் ஒரே வழியை விரும்பவில்லை. ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட விங் கொமாண்டர் என்னும் விண்கலப் போர் விளையாட்டு, ஈ.எம்.எஸ். நினைவகம் இருந்தால், கலத்தைச் செலுத்துவோனின் கை அசைவதையுந் திரையிற் காட்டும்; இல்லையேல் அக்கை தோன்றாது. அதே நிறுவனம் 1992இல் வெளியிட்ட அல்டிமா ஏழாம் பாகமோ, ஈ.எம்.எஸ். வழியை அமைத்துக் கொடுக்கும் ஈ.எம்.எம். 386 என்ற கோப்பு கணினியில் இருந்தாலே ஓட மறுத்தது. அவ்விளையாட்டு நினைவகத்தைத் தானே நேரடியாக ஆள விரும்பியது. இடையில் வேறொரு மேற்பார்வையாளனைப் பொறுக்கவில்லை. ஆகவே ஒரே வீட்டில், ஒரே நிறுவனத்தின் இரு விளையாட்டுக்களுக்கும் கணினியை இரு விதமாகத் தொடக்கவேண்டியதாயிற்று.

இவ்வேற்பாடுகளையெல்லாம் கணினிக்கு உணர்த்துவன இரண்டு சிறு கோப்புக்கள். ஒன்றின் பெயர் கொன்ஃபிக்.சிஸ், மற்றதன் பெயர் ஓட்டோஎக்ஸெக்.பேட். கணினி விழித்தெழும்போது முதலிற் படிப்பவை இவையே. எந்த இயக்கி வரவேண்டும், எங்கே அமரவேண்டும், எந்த ஒழுங்கில் வரவேண்டும் என்பன இவற்றில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். 1991ஆம் ஆண்டு யூனில் வெளிவந்த டொஸ் ஐந்தாம் பதிப்பு இவ்விடயத்திற் பெரியதொரு உதவியைச் செய்தது. 80386 செயலியுள்ள கணினியில், டொஸ் முறைமையின் பெரும் பகுதியை ஒரு மெகாபைற்றுக்குச் சற்று மேலேயுள்ள இடத்துக்கு ஏற்றிவிடலாம். இயக்கிகளை மேலுள்ள 6 அறைகளில் வெறுமையாய்க் கிடந்த மூலைகளில் அமர்த்தலாம். இவ்வாறு செய்தால் கீழுள்ள பத்து அறைகளில் 600 கிலோபைற்றுக்கு மேலும் விளையாட்டுக்கு மிஞ்சும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ஈ.எம்.எஸ். சன்னல் வைத்தால் மேலறைகளில் ஒன்று அதற்கே போய்விடும். இயக்கிகளை அமர்த்த மூலை குறையும். சன்னல் வேண்டாவென்று எழுதினால் மூலை கூடும். ஆனால் விங் கொமாண்டரில் அக்கை தோன்றாது. அல்டிமாவுக்காக ஈ.எம்.எம். 386 கோப்பை முற்றாக நீக்கினாலோ, மேல்மூலைகள் எவையுங் கிடையா; எல்லா இயக்கிகளும் மீண்டும் கீழே வந்து நெருக்கும். அப்பொழுது அவ்விளையாட்டுக்கு வேண்டாத இறுவட்டு இயக்கி முதலியவற்றை விலக்கி, வேண்டிய சுட்டி இயக்கியை மட்டும் வைத்துக்கொள்வதே வழி. இவ்வாறு ஒன்றைப் பெற மற்றொன்றை விடுவதே நினைவகச் சிக்கனத்தின் முழு இரகசியம் எனலாம்.

ஆனால் இவ்விரு கோப்புக்களையும் மாற்றுவது அபாயமற்ற காரியமன்று. ஓரெழுத்துப் பிழைத்தால், காலையிற் கணினி தொடங்காது போகலாம். வன்தட்டிலோ வீட்டின் வரவு செலவுக் கணக்கும், தொழிற் கடிதங்களும், சிலவேளை ஒருவருடைய முழு ஆண்டின் உழைப்பும் இருக்கும். ஒரு மாலைப் பொழுதின் விளையாட்டுக்காக அவற்றை நெருங்க முடியாதவாறு செய்துவிட்ட பிள்ளைகள் அக்காலத்தில் மிகப் பலர். அனுபவமுள்ளோர் இதற்குக் கண்ட மருந்து தொடக்க வட்டு என்பது. வெற்று நெகிழ்வட்டொன்றில் டொஸ் முறைமையை ஏற்றி, விளையாட்டுக்கு ஏற்றவாறு எழுதிய இரு கோப்புக்களையும் அதில் மட்டுமே வைப்பர். விளையாட வேண்டியபோது அவ்வட்டைச் செலுத்திக் கணினியைத் தொடக்குவர். விளையாட்டு முடிந்தபின் வட்டை வெளியே எடுத்துவிட்டால், கணினி பழையபடி கணக்கு எழுதும் கணினியாகவே எழும். வன்தட்டிலுள்ள கோப்புக்கள் தீண்டப்படவே இல்லை. 1993இல் வந்த டொஸ் ஆறாம் பதிப்பில் எஃப் 5 விசையை அழுத்தி இரு கோப்புக்களையும் படிக்காது கணினியைத் தொடக்கும் வசதியும், எஃப் 8 விசையால் ஒவ்வொரு வரியாக ஒப்புதல் கேட்டுத் தொடக்கும் வசதியுஞ் சேர்க்கப்பட்டன. பிழைத்த வரி எதுவென்று அறிய இரண்டாவது வழி மிகவும் உதவியது.

நினைவகம் சீரானபின் அடுத்த தொல்லை ஒலியாகும். 1989இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டை விரைவிற் பரவி, ஏனையோர் பின்பற்றும் அளவுகோலாயிற்று. அட்டை எங்கேயிருக்கிறது என்பதை விளையாட்டுக்கு மூன்று எண்களால் அறிவிக்கவேண்டும். முதலாவது, அட்டையின் முகவரி. அது பெரும்பாலும் 220. இரண்டாவது, அட்டை தன் வேலை முடிந்ததென்று செயலியை அழைக்கும் மணியின் எண். மூன்றாவது, ஒலித்தரவு செயலியைத் தொந்தரவு செய்யாது நினைவகத்திலிருந்து நேரே அட்டைக்குச் செல்லும் வாய்க்காலின் எண். அது பெரும்பாலும் 1.

இவற்றுள் மணியின் எண்ணே மிகுந்த குழப்பத்தை விளைத்தது. முதற்காலத்து அட்டைகள் 7ஆம் மணியுடன் வந்தன. அச்சுப்பொறிக்கு உரியதும் அதே 7ஆம் மணிதான். ஒரு மணியை இருவர் அடித்தால், அழைத்தவர் யாரென்று அறிய முடியாதன்றோ? ஆகவே அட்டையிலுள்ள சிறு இணைப்பூசியை மாற்றி 5ஆம் மணிக்குக் கொண்டுவருவது வழக்கமாயிற்று; பின்னர் வந்த அட்டைகள் 5ஆம் எண்ணுடனேயே வந்தன. ஆனால் அட்டையில் மாற்றினால் மட்டும் போதாது. விளையாட்டின் அமைப்புச் செய்நிரலிலும் அவ்வெண்ணையே எழுதவேண்டும்.

பிழை எவ்வெண்ணில் உள்ளது என்பதை நோயின் குறியைக் கொண்டே அறியலாம். அட்டையே இல்லை என்று விளையாட்டுக் கூறினால், முகவரி பிழை. இசை நன்றாகக் கேட்கிறது, ஆனால் வெடியோசையும் பேச்சுங் கேட்கவில்லை எனின், வாய்க்காலிலோ மணியிலோ பிழை; இசை வேறொரு பாதையால் வருவதால் அதற்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. ஓர் ஓசையின் முதற்றுண்டு மட்டுந் திரும்பத் திரும்ப ஒலித்துக் கணினி உறைந்து நின்றால், பெரும்பாலும் மணியின் எண்ணே பிழை. துண்டு முடிந்ததென்று அட்டை அழைக்கிறது. விளையாட்டோ வேறொரு மணியின்மேற் செவியை வைத்துக் காத்திருக்கிறது.

வேகமும் ஒரு பிணியே. பழைய விளையாட்டுக்கள் சில, கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. புதிய கணினியில் அவற்றை ஓட்டினால், பகைவர் கண்ணிமைக்குமுன் பாய்ந்து மறைவர். விங் கொமாண்டரும் இத்தகையதே. அக்காலத்துக் கணினிகளின் முகப்பில் இருந்த ‘ரேர்போ’ என்னும் பொத்தான், பெயரினால் வேகத்தைக் கூட்டுவதுபோற் றோன்றினும், உண்மையில் இவ்வகைச் செய்நிரல்களுக்காக வேகத்தைக் குறைப்பதற்கே பயன்பட்டது.

இத்தனை காரணங்கள் இருக்கையில், வழி காண்பது எங்ஙனம்? கைதேர்ந்தோர் பின்பற்றிய முறை எளியது. விளையாட்டின் வட்டுக்களைப் படியெடுத்து, மூலத்தைப் பத்திரமாக வைப்பர். மூன்றரை அங்குல வட்டின் மூலையிலுள்ள சிறு தகட்டைத் தள்ளித் துளையைத் திறந்துவிட்டால், தவறியும் அதன்மேல் எழுத முடியாது. கோப்பை மாற்றுமுன் அதன் படியொன்றை வேறு பெயரில் வைப்பர். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுவர். மாற்றியதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவர். கணினியை மீண்டுந் தொடக்கிச் சோதிப்பர். மூன்றை ஒருங்கே மாற்றியவனுக்கு விளையாட்டு ஓடினாலும், எது மருந்தென்று தெரியாது. ஓடாவிட்டால், எது நஞ்சென்றுந் தெரியாது.

1993ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் தேதி ஐடி மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட டூம் என்னும் விளையாட்டு, பழைய பத்து அறைகளின் ஆட்சி முடியப்போவதை உணர்த்தியது. அது தன்னுடன் ஒரு நீட்டிப்பு நிரலைக் கொண்டுவந்து, 80386 செயலியின் முழு வலிமையையுந் தானே எழுப்பி, வளவு முழுவதையும் ஒரே நிலமாக ஆண்டது. அதற்கு 4 மெகாபைற்று வேண்டும். அவ்வளவே உள்ள கணினியில், வட்டைப் படிப்பதை விரைவாக்கும் ஸ்மார்ட் டிரைவ் போன்ற துணை நிரல்கள் அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டால் டூம் தொடங்காது, அவற்றை நீக்கவேண்டும். பிணி மாறியது, மருந்தின் தத்துவம் மாறவில்லை.

அடுத்த ஆண்டு நத்தார் காலத்தில் இன்னொரு பாடங் கிடைத்தது. சிங்க அரசன் திரைப்படத்தைத் தழுவிய சிறுவர் இறுவட்டொன்று, விண்டோஸ் முறைமையில் இயங்குமாறு செய்யப்பட்டுப் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. பல வீடுகளின் திரை இயக்கிகள் அதற்கு இசையவில்லை. பரிசுப் பொதியைப் பிரித்த சிறுவர் படத்துக்குப் பதிலாக உறைந்த திரையைக் கண்டனர், முறைப்பாடுகள் குவிந்தன. விளையாட்டு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அட்டையையுந் தானே தேடி அறியும் முறை நீடிக்கலாகாது என்பது தெளிவாயிற்று. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் தேதி வெளிவந்த விண்டோஸ் 95 அட்டைகளுக்கு எண்களைத் தானே பங்கிட முயன்றது; அவ்வாண்டிலேயே வந்த டைரக்ட் எக்ஸ் என்னும் தொகுதி, விளையாட்டுக்கும் அட்டைக்கும் இடையே பொதுவான தூதனாக நின்றது. அதன்பின் மணியின் எண்ணை நினைவில் வைத்திருக்கவேண்டிய தேவை சாதாரண வீடுகளிற் படிப்படியாக அற்றது.

ஆயினும் பழைய விளையாட்டுக்கள் என்னாயின? இன்றைய 64 பிட் விண்டோஸ் முறைமை, டொஸ் காலத்துச் செய்நிரல்களை ஏற்பதில்லை. அக்காலத்து நெகிழ்வட்டுக்களின் காந்தப் பூச்சும் ஆண்டுதோறும் வலுவிழக்கின்றது. இந்நிலையிலேதான் 2002இல் முதன்முதலாக வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்னும் இலவசச் செய்நிரல் பேருதவியாயிற்று. அது இன்றைய கணினியின் உள்ளே, பழைய கணினி ஒன்றைக் கற்பனையாகப் படைக்கிறது: பத்து அறைகள், சன்னல், காவலாளன், 220ஆம் முகவரியிலே ஒலி அட்டை, எல்லாம் அதிலுண்டு. விளையாட்டின் கோப்புக்கள் உள்ள அடைவைச் சீ வட்டாக அறிவித்து, அதன் பெயரை எழுதினாற் போதும். வேகங் கூடினால், கட்டுப்பாட்டு விசையுடன் எஃப் 11ஐ அழுத்திக் குறைக்கலாம்; எஃப் 12ஐ அழுத்திக் கூட்டலாம். அமைப்புச் செய்நிரல் ஒலியட்டையின் எண்களைக் கேட்டால், 220, 7, 1 என்று விடையளிக்கலாம். இங்கே 7ஆம் மணியில் அச்சுப்பொறியின் தொல்லை இல்லை. இம்முறையைப் பயன்படுத்தியே 2015 சனவரியில் இணைய ஆவணக் காப்பகம் ஏறத்தாழ 2,400 டொஸ் விளையாட்டுக்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

பழைய வட்டுக்களை வீட்டில் வைத்திருப்போர், அவை படிக்கக்கூடியனவாய் இருக்கும்போதே படியெடுத்து வைத்தல் நன்று. கையேட்டையும் எறிதல் ஆகாது. விளையாட்டைத் தொடர்வதற்குக் கையேட்டின் இன்ன பக்கத்தில் உள்ள இன்ன சொல்லைக் கேட்கும் விளையாட்டுக்கள் பல. வட்டு இருந்துங் கையேடு இல்லாதவர் வாசலிலேயே நிற்க நேரிடும்.

1981ஆம் ஆண்டின் கணினியை அமைத்தோர், தம் காலத்துக்குப் போதுமென்று பத்து அறைகளை ஒதுக்கினர். அவ்வறைகளின் நெருக்கத்திலே விளையாட முயன்ற சிறுவர் பலர், கணினியின் உள்ளமைப்பை வேறெந்தப் பாடசாலையுங் கற்பிக்காத வகையிற் கற்றுக்கொண்டனர். வன்தட்டிலிருந்த கணக்கைக் கெடுக்காது, ஒரு தனி வட்டில் எழுதிச் சோதித்துப் பார்த்த அவர்களுடைய நிதானம், இன்றும் எந்த இயந்திரத்தைத் திருத்த முனைவோருக்கும் பயன்படும்.